ஆறு ஆர்எக்ஸ் 480, ஒரே ரிக்: சூடு எங்கே பிறக்கிறது?

2016 ஜூன் 29 அன்று ஏ.எம்.டி. நிறுவனம் ரேடியான் ஆர்எக்ஸ் 480 கிராபிக்ஸ் கார்டை விற்பனைக்கு விட்டது. 4 ஜிபி மாடலின் விலை 199 டாலர். கேம் ஆடுபவர்களை மனதில் வைத்துச் செய்த கார்டுதான். ஆனால் கிராபிக்ஸ் கார்டுகளை ஓயாமல் கணக்குப் போடவைத்து எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைச் சம்பாதிக்கும் மைனிங் சூடுபிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. விலை குறைவு, மெமரி வேகம் அதிகம் என்றதும் மைனிங் செய்பவர்கள் அதை ஆறு ஆறாக வாங்கி அடுக்கினார்கள்.

கார்டு கடைக்கு வந்த சூட்டோடு சூடாக ஒரு சிக்கலும் வெளியே வந்தது. மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து எடுக்க அனுமதிக்கப்பட்டதைவிட அதிக மின்சாரத்தை இந்தக் கார்டு இழுக்கிறது என்று பிசி பெர்ஸ்பெக்டிவ், டாம்ஸ் ஹார்டுவேர் ஆகிய தளங்கள் கருவி வைத்து அளந்து காட்டின. ஒற்றைக் கார்டு வைத்து மாலையில் இரண்டு மணி நேரம் கேம் ஆடுபவருக்கு இது பெரிய ஆபத்தில்லை. ஆறு கார்டைப் பூட்டி, இரவு பகலாக, மாதக்கணக்கில் முழுச் சுமையில் ஓட்டுபவருக்கு இது வேறு விஷயம். இப்படிப் பல கார்டு பூட்டிய கணினியைத்தான் ரிக் என்கிறார்கள். அந்த ஆறு கார்டு ரிக்கைத்தான் இங்கே எடுத்துப் பார்க்கப்போகிறோம். பல கார்டுகளுக்கு மின்சாரம் கொடுப்பதில் எங்கே தவறு நடக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

மல்டி கார்டு மெஷின் கட்டுபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை வாட் எஸ்.எம்.பி.எஸ். போடணும்?" எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எரிந்துபோன ரிக்குகளில் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். நல்லபடியாகவே இருக்கும். கருகியிருப்பது ஒரு கனெக்டர், இரண்டு பின், ஒரு சாண் ஒயர். ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதோடு கணக்கை நிறுத்திவிட்டு, மதகு எவ்வளவு தாங்கும் என்று பார்க்காமல் விடுவதால் வரும் வினை இது.

ஸ்லாட்டின் எல்லை

மதர்போர்டில் கார்டைச் சொருகும் ஸ்லாட்டுக்கான தரநிலை பிசிஐ எக்ஸ்பிரஸ். அதன் விதிப்படி ஒரு முழு நீள கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டிலிருந்து எடுக்கலாம் என்பது 75 வாட். இந்த 75 முழுவதும் 12 வோல்ட் வழியாக வருவதில்லை. 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட். மீதி 3.3 வோல்ட்டில் 3 ஆம்பியர், அதாவது 10 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. கார்டின் பெரும்பசி எல்லாம் 12 வோல்ட்டில்தான் என்பதால் நமக்கு முக்கியமான எண் 66.

அந்த 5.5 ஆம்பியர் எங்கிருந்து வந்தது? ஸ்லாட்டின் முன்பகுதியில், சிறிய வெட்டுக்கு முன்னால், 12 வோல்ட்டுக்கென்று ஐந்து தொடுமுனைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1.1 ஆம்பியர் தாங்கும். ஐந்தும் சேர்ந்தால் 5.5. நீளமான ஸ்லாட்டானாலும் விரல் அகல எக்ஸ்1 ஸ்லாட்டானாலும் இந்த ஐந்துதான். பின்னால் நீளும் பகுதி முழுக்க டேட்டாவுக்கு. பெரிய ஸ்லாட் என்பதால் கூடுதல் மின்சாரம் வந்துவிடாது.

ஆர்எக்ஸ் 480-இன் அதிகாரபூர்வ அளவு 150 வாட். ஏ.எம்.டி. தந்த மூல வடிவமைப்பில் ஒரே ஒரு 6-பின் கனெக்டர். 6-பின்னுக்கு விதி சொல்வது 75 வாட். ஸ்லாட்டில் 75, 6-பின்னில் 75, மொத்தம் 150. கூட்டினால் சரியாக வருகிறது, மூச்சுவிட இடமில்லை. கார்டின் மேல் மின்னழுத்தத்தை இறக்கித் தரும் ஆறு கட்டங்களில் மூன்று ஸ்லாட்டிலிருந்தும் மூன்று 6-பின்னிலிருந்தும் மின்சாரம் எடுக்கும்படி பிரித்திருந்தார்கள். பாதிக்குப் பாதி. ஆகவே கார்டு 160 வாட்டைத் தொட்டால் ஸ்லாட்டின் பங்கும் கூடவே 80-ஐத் தொடும். பிசி பெர்ஸ்பெக்டிவ் அளந்தபோது ஸ்லாட்டின் 12 வோல்ட் வழியில் சுமார் 7 ஆம்பியர் ஓடியது. அனுமதி 5.5.

ஜூலை தொடக்கத்தில் ஏ.எம்.டி. 16.7.1 என்ற டிரைவரை வெளியிட்டது. அதில் இரண்டு மாற்றங்கள். ஒன்று, ஸ்லாட்டின் சுமையில் ஒரு பகுதியை 6-பின் பக்கம் தள்ளியது. இன்னொன்று, மொத்த மின்செலவையே குறைக்கும் ஒரு தேர்வு, வேண்டுபவர் இயக்கிக்கொள்ளலாம். 6-பின்னிலும் 75 வாட்டைத் தாண்டுகிறதே என்று அப்போது சிலர் குறைபட்டார்கள். என் பார்வையில் ஏ.எம்.டி. செய்ததுதான் சரி. 6-பின்னில் இருக்கும் உலோகம் பெரியது. ஒரு பின்னே 7 ஆம்பியர் அளவுக்குத் தாங்கும். 12 வோல்ட்டுக்கு அதில் இரண்டு அல்லது மூன்று பின் உண்டு. விதி சொல்லும் 75 வாட் அதன் உண்மையான தாங்குதிறனில் பாதிகூட இல்லை. ஸ்லாட்டின் ஐந்து மெல்லிய தொடுமுனைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் திருத்தம் டிரைவருக்குள் இருக்கிறது. அந்த டிரைவர் ஏறினால்தான் அது வேலை செய்யும். கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி எழுதி, லினக்ஸில் வேறொரு டிரைவரோடு ஓடும் மைனிங் ரிக்கில் அது இருக்கிறது என்று நம்பி ஒயர் போடக்கூடாது. ஒயரின் தாங்குதிறனை ஒயரிலேயே உறுதிசெய்ய வேண்டும்.

ஆறும் மதர்போர்டை நம்பினால்

இப்போது ஆறு கார்டு. மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம்: மின்செலவைக் குறைக்கும் எந்த டியூனிங்கும் இல்லை, கார்டுக்கு 160 வாட், அதில் 80 ஸ்லாட் வழியாக. ஆறுக்கும் சேர்த்து ஸ்லாட் பங்கு மட்டும் 480 வாட். 12 வோல்ட்டில் 40 ஆம்பியர்.

இந்த 40 ஆம்பியர் மதர்போர்டுக்குள் எந்த வழியாக வரும்? 24-பின் கனெக்டர் வழியாக. இருபத்துநான்கு பின் இருக்கிறதே என்று தெம்பு கொள்ள வேண்டாம். அதில் 12 வோல்ட்டுக்கு இரண்டே இரண்டு மஞ்சள் ஒயர்தான். ஆளுக்கு 20 ஆம்பியர். அந்தப் பின் ஒன்று தாங்கக்கூடியது 6 ஆம்பியர் அளவில். மூன்று மடங்குக்கு மேல் சுமை. 24-பின் கனெக்டரின் ஒரு மூலையில் இரண்டு மஞ்சள் ஒயர் மட்டும் பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகி, கழற்ற வராமல் ஒட்டிக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான். மற்ற இருபத்திரண்டும் புதிதுபோல இருக்கும்.

மதர்போர்டு தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஏஎஸ்ராக்கின் எச்81 புரோ பிடிசி போர்டில் ஆறு ஸ்லாட்டோடு மோலெக்ஸ் எனப்படும் நான்கு பின் பவர் கனெக்டர்கள் இரண்டும் கூடுதலாக இருந்தன. ஸ்லாட்டுகளுக்கு அந்த வழியாகவும் மின்சாரம் போகட்டும் என்பதற்காக. 2017-இல் ஏசஸ் கொண்டுவந்த பி250 மைனிங் எக்ஸ்பர்ட் போர்டில் 19 ஸ்லாட், மூன்று 24-பின் கனெக்டர். மூன்று எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒரே போர்டில் சொருகச் சொன்ன வடிவம் அது. அந்தக் கூடுதல் கனெக்டர்களை "சும்மா இருக்கிறது" என்று காலியாக விட்டுவிடுபவர்கள் உண்டு. அவை சும்மா வைத்ததல்ல.

ரைசர் வந்த பிறகு

இந்தச் சுமையை மதர்போர்டிலிருந்து இறக்கி வைத்தது மின்சாரம் ஊட்டப்பட்ட ரைசர். சின்னதொரு அட்டையை எக்ஸ்1 ஸ்லாட்டில் சொருகுகிறோம். அங்கிருந்து ஒரு யு.எஸ்.பி. 3 கேபிள் இன்னொரு பலகைக்குப் போகிறது. அந்தப் பலகையில் நீளமான ஸ்லாட். அதில் கார்டு நிற்கிறது. அந்த யு.எஸ்.பி. கேபிள் யு.எஸ்.பி.யே அல்ல என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். அதனுள் இருக்கும் ஒயர் ஜோடிகளைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் டேட்டாவுக்கு இரவல் வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 12 வோல்ட் அதில் போவதில்லை. அதை எடுத்துக் கணினியின் சாதாரண யு.எஸ்.பி. போர்ட்டில் சொருகக் கூடாது.

கார்டு ஸ்லாட்டிலிருந்து எடுக்கும் 12 வோல்ட் மின்சாரம் முழுவதையும் இனி ரைசர் பலகைதான் தர வேண்டும். அந்தப் பலகைக்கு அது எங்கிருந்து வருகிறது? சந்தையில் மூன்று வகை: சாட்டா பவர், மோலெக்ஸ், 6-பின். பல ரைசர்களில் மூன்றும் ஒரே பலகையில் இருக்கும். பெட்டிக்குள் கூடவே ஒரு சிறு அடாப்டரும் வரும்: ஒரு முனை 6-பின், மறுமுனை சாட்டா. இந்த நிகழ்வில் குற்றவாளி என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமென்றால் அந்த அடாப்டரைத்தான் சுட்டுவேன்.

சாட்டா கனெக்டருக்குள்

சாட்டா பவர் கனெக்டர் ஹார்டு டிஸ்க்குக்காகப் பிறந்தது. தட்டையாக, பதினைந்து தொடுமுனைகளோடு. 3.3 வோல்ட்டுக்கு மூன்று, 5 வோல்ட்டுக்கு மூன்று, 12 வோல்ட்டுக்கு மூன்று, மீதி கிரவுண்டு (மின்சாரம் திரும்பும் வழி) போன்றவை. ஒரு தொடுமுனைக்கு 1.5 ஆம்பியர். ஆக 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், 54 வாட். எந்த ஹார்டு டிஸ்க்குக்கும் இது தாராளம்.

நம் ஆர்எக்ஸ் 480 ஸ்லாட் பக்கம் கேட்பது 80 வாட், 6.7 ஆம்பியர். தாங்குதிறனைவிட ஏறக்குறைய பாதி அதிகம். சரி, இது விதி மீறிய கார்டு, விட்டுவிடுவோம். விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றும் கார்டு ஒன்று 5.5 ஆம்பியர் எடுத்தாலும் சாட்டாவின் 4.5-ஐத் தாண்டிவிடுகிறதே! இங்கேதான் இந்த விஷயத்தின் வேர் இருக்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் விதியை எழுதியவர்கள் ஹார்டு டிஸ்க் கனெக்டரை நினைக்கவில்லை. சாட்டா விதியை எழுதியவர்கள் கிராபிக்ஸ் கார்டை நினைக்கவில்லை. இரண்டையும் ஒரு சாண் ஒயரால் இணைத்தது அடாப்டர் செய்தவர். கார்டு சரி, எஸ்.எம்.பி.எஸ். சரி, நடுவில் உள்ள இணைப்பு மட்டும் தவறு.

அந்த இணைப்பில் என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் பார்ப்போம். இரண்டு உலோகம் தொடும் இடத்தில் எப்போதும் கொஞ்சம் மின்தடை இருக்கும். ஒரு தொடுமுனைக்கு 20 மில்லிஓம் என்று வைத்துக்கொள்வோம். 6.7 ஆம்பியர் மூன்று முனைகளிலும் சமமாகப் பிரிந்தால் முனைக்கு 2.2 ஆம்பியர். பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியது: 0.1 வாட். கையில்கூடத் தெரியாது.

ஆனால் சமமாகப் பிரியும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. கனெக்டர் லேசாகச் சாய்ந்திருக்கிறது, இரண்டு முனை சரியாகப் பிடிக்கவில்லை. இப்போது 6.7 ஆம்பியரும் ஒற்றை முனை வழியாக. மின்னோட்டம் மூன்று மடங்கு, வெப்பம் ஒன்பது மடங்கு: 0.9 வாட், ஒரு ஊசி முனையளவு உலோகத்தில். சூடேறிய உலோகத்தின் மேல் ஆக்சைடு படிகிறது. சூட்டில் அதன் வளைவு தளர்ந்து பிடி விடுகிறது. மின்தடை 20-லிருந்து 100 மில்லிஓமுக்குப் போனால் வெப்பம் 4.5 வாட். சூடு மின்தடையைக் கூட்டுகிறது, மின்தடை சூட்டைக் கூட்டுகிறது. இந்தச் சுழல் ஒருமுறை தொடங்கினால் தானாக நிற்காது. முதல் வாரம் நன்றாக ஓடிய ரிக் மூன்றாவது மாதம் கருகுவது இதனால்தான். "இத்தனை நாள் ஓடுச்சே" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மலிவான அடாப்டர்களில் இன்னொரு கேடும் உண்டு. ஒயர்களை அச்சில் வைத்து மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிச் செய்த வகை. உள்ளே ஒயரின் மெல்லிழைகள் எங்கே விலகிக் கிடக்கின்றன என்று வெளியே தெரியாது. 12 வோல்ட்டும் கிரவுண்டும் மயிரிழை தூரத்தில் இருக்கும். சூட்டில் பிளாஸ்டிக் இளகினால் இரண்டும் நெருங்கி நடுவே பொறி பறக்கும். மேலே உள்ள மூடியைக் கழற்ற முடிந்து, ஒவ்வொரு ஒயரும் தனித்தனியாகக் கவ்வப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரியும் வகை இதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அதன் எல்லையும் 4.5 ஆம்பியர்தான்.

எஸ்.எம்.பி.எஸ். ஏன் அணைவதில்லை?

"நல்ல கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்., ஓவர்லோடு புரொடக்‌ஷன் இருக்கு, ஏதாவது ஆனா அதுவே ஆஃப் ஆயிடும்" என்ற நம்பிக்கை பலருக்கு. 1000 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று 12 வோல்ட்டில் ஒரே வழியாக 83 ஆம்பியர் வரை கொடுக்கும்படி செய்யப்பட்டிருக்கும். பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொள்வது அதையும் தாண்டும்போதுதான். கருகிக்கொண்டிருக்கும் கனெக்டரில் ஓடுவது கார்டு கேட்கும் அதே 6.7 ஆம்பியர். அளவில் எந்த மாற்றமும் இல்லை. உள்ளே அரைகுறை ஷார்ட் ஏற்பட்டு இன்னொரு 10 ஆம்பியர் கசிந்தாலும் அது 120 வாட். இன்னொரு கார்டு வேலை செய்கிறது என்றுதான் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் தோன்றும். பெரிய எஸ்.எம்.பி.எஸ். வாங்க வாங்க, சின்ன ஒயரில் நடக்கும் தவறு அதன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 12 வோல்ட்டைப் பல ரெயில்களாக, அதாவது தனித்தனி வழிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு வைத்த மாடல்களை நான் விரும்புவது இதற்காகத்தான்.

சரியான ஒயரிங்

சாட்டா பக்கம் மக்கள் ஏன் போகிறார்கள் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஆறு கார்டுக்கு ஆறு 6-பின். ஆறு ரைசருக்கு இன்னொரு ஆறு. பன்னிரண்டு தேவை. 1000 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வருவது பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு. சாட்டா தலைகளோ எட்டு, பத்து என்று தொங்கிக்கொண்டிருக்கும். இருப்பதை வைத்து ஒப்பேற்றுகிறார்கள்.

இதற்கு நல்ல வழி, இரண்டு தலை கொண்ட கிராபிக்ஸ் கேபிள். ஒரு தலை கார்டின் 6-பின்னுக்கு, மறுதலை அதே கார்டு நிற்கும் ரைசருக்கு. தலை 6+2 வகையாக இருந்தால் கூடுதல் இரண்டு பின்னைப் பிரித்துத் தொங்கவிடலாம். கார்டின் மொத்த 160 வாட்டும் ஒரே கேபிளில் போனாலும் 13.3 ஆம்பியர், மூன்று 12 வோல்ட் ஒயரில் பிரிந்தால் ஆளுக்கு 4.4. இது 18 கேஜ் ஒயருக்குச் சுலபமான வேலை. ஒரு கார்டுக்கு ஒரு கேபிள் என்று ஆகிவிடுவதால் எது எங்கே போகிறது என்ற குழப்பமும் தீர்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் நான்கு கேபிள்தான் இருக்கிறது என்றால் அதில் நான்கு கார்டுதான். ஐந்தாவதுக்கு ஸ்ப்ளிட்டர் தேடாமல் இன்னொரு எஸ்.எம்.பி.எஸ். வாங்கிவிடலாம்.

மோலெக்ஸ் இரண்டாம் தேர்வு. அதில் 12 வோல்ட்டுக்கு ஒரே பின்தான், ஆனால் தடிமனானது. கேபிளுக்கு ஒரு ரைசர் என்றால் ஓட்டலாம். ஒரே கேபிளில் மூன்று ரைசரைக் கோத்தால் முதல் பின்னுக்கு 20 ஆம்பியர், அதைச் செய்யக்கூடாது. பலமுறை கழற்றி மாட்டிய மோலெக்ஸின் குழல் முனை அகன்றிருக்கும். ஆட்டினால் ஆடுகிறது என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

சின்னக் கார்டுதானே என்ற அலட்சியமும் வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டின் அளவு 75 வாட்தான். அதன் பல மாடல்களில் தனி பவர் கனெக்டரே கிடையாது. அப்படியானால் முழு 75 வாட்டும் ரைசர் வழியாகவே வரவேண்டும். 8-பின் வைத்த பெரிய கார்டுகள் பல, ஸ்லாட் பக்கம் இதைவிடக் குறைவாகத்தான் கேட்கும். ரைசருக்குப் பாரம் சின்னக் கார்டில்தான்.

மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். கேபிள்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் ஒரே நொடியில் எல்லாக் கார்டும் போய்விடும். கார்டு பக்கம் சொருகும் முனைக்குத் தரநிலை உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பக்கம் சொருகும் முனைக்குக் கிடையாது. ஒரு கம்பெனி கேபிள் இன்னொரு கம்பெனி பெட்டியில் கச்சிதமாகப் பொருந்தும். உள்ளே 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கிரவுண்டு இருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேகூட இது மாறலாம். பழைய கேபிள் மூட்டையிலிருந்து எடுத்த எதையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் சொருக வேண்டாம். சி.பி.யு.வுக்கான 8-பின்னும் கார்டுக்கான 8-பின்னும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், ஒன்றில் 12 வோல்ட் இருக்கும் வரிசையில் மற்றதில் கிரவுண்டு.

இரண்டு எஸ்.எம்.பி.எஸ். ஓடும்போது

இரண்டு எஸ்.எம்.பி.எஸ். வைத்தால் ஒரு விதி: ஒரு கார்டும் அது நிற்கும் ரைசரும் ஒரே பெட்டியிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். கார்டின் 6-பின் ஒன்றிலிருந்தும் ரைசர் இன்னொன்றிலிருந்தும் வந்தால், ஒன்று அணைந்து மற்றது ஓடும் நேரத்தில் கார்டு பாதி உயிரோடு நிற்கும். அணைந்த பக்கத்துக்கு மின்சாரம் பின்வழியாகப் போகவும் வாய்ப்புண்டு. மேலே சொன்ன இரட்டைத் தலைக் கேபிள் இந்த விதியைத் தானாகவே காப்பாற்றிவிடும்.

இரண்டாவது பெட்டியை இயக்க 24-பின்னின் பச்சை ஒயரைக் கறுப்போடு ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்துவிட்டு நிரந்தரமாக அப்படியே ஓட்டுகிறார்கள். சோதனைக்கு அது போதும். நிரந்தரமாக வைத்தால் மதர்போர்டு அணைந்த பிறகும் அந்தப் பெட்டி ரைசர்களுக்கு 12 வோல்ட் தந்துகொண்டே இருக்கும். முதல் பெட்டி எழுந்தால் ரிலே வழியாக இரண்டாவதை எழுப்பும் சின்ன போர்டு கிடைக்கிறது. அதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து எழும், சேர்ந்து அணையும். கிரவுண்டும் பொதுவாகிவிடும்.

சர்வரிலிருந்து கழற்றிய பழைய 1200 வாட் பெட்டிகளையும் பலர் பயன்படுத்தினார்கள். 12 வோல்ட் மட்டும் தரும், உறுதியானவை, மின்சாரத்தைப் பல கனெக்டர்களாகப் பிரித்துத் தரும் பிரேக்அவுட் போர்டு பூட்டினால் 6-பின் வரிசையாகக் கிடைக்கும். மதர்போர்டுக்குத் தனியாக ஒரு சாதாரண எஸ்.எம்.பி.எஸ். வேண்டும். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் நல்ல தேர்வு.

சுமையையே குறைப்பது

ஒயரைத் தடிமனாக்குவதைவிட நல்ல காரியம் ஒன்று உண்டு. எத்தீரியத்தின் ஈத்தாஷ் என்ற கணக்கு முறை ஒரு ஹேஷுக்கு, அதாவது ஒரு முயற்சிக்கு, 64 முறை மெமரிக்குப் போய், ஒவ்வொரு முறையும் 128 பைட் படிக்கும். மொத்தம் 8,192 பைட். 8 ஜிபி ஆர்எக்ஸ் 480-இன் மெமரி நொடிக்கு 256 கிகாபைட் தரும். வகுத்தால் நொடிக்கு 31 மெகாஹேஷ் சொச்சம். மெமரியைத் தொடாதவரை அதற்கு மேல் போக முடியாது. அதாவது கணக்குப் போடும் கோர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் மெமரிக்காகக் காத்துத்தான் நிற்கிறது. காத்து நிற்பதற்குச் செலவாகும் மின்சாரம் முழுக்க வீண், முழுக்க சூடு.

கோரை 1266 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1130-க்கு இறக்கி, மின்னழுத்தத்தை 1.1 வோல்ட்டிலிருந்து 0.9-க்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? சிப்பின் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஓடும் வேகத்தோடும் குறையும். 0.67-ஐ 0.89-ஆல் பெருக்கினால் 0.6. கோரின் செலவில் நாற்பது சதவீதம் மிச்சம், ஹேஷ் ஏறக்குறைய அப்படியே. எல்லாச் சிப்பும் 0.9-இல் நிலையாக ஓடாது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். மெமரியும் மற்றவையும் சேர்த்துக் கார்டுக்கு 115 வாட் என்று வைத்தால், ஆறுக்கும் 690, மதர்போர்டு சி.பி.யு.வுக்கு 60, ஆக 750 வாட். முன்பு இதே கணக்கு 1020 வாட். 1000 வாட் எஸ்.எம்.பி.எஸ். இப்போது முக்கால் சுமையில் நிம்மதியாக ஓடும்.

இவ்வளவு இறக்கிய பிறகும் ஸ்லாட் பங்கைப் பாருங்கள். 115-இல் பாதி 57 வாட், 4.8 ஆம்பியர். சாட்டாவின் 4.5-ஐ இன்னமும் தாண்டித்தான் நிற்கிறது. டியூனிங் தவறான ஒயருக்குப் பரிகாரம் ஆகாது. ரிக் ரீஸ்டார்ட் ஆகி டியூனிங் ஏறாமல் போகும் நாளும் வரும். அன்று கார்டு பழைய 160 வாட்டுக்கே போகும். ஒயர் அந்த நாளுக்கும் சேர்த்து இருக்க வேண்டும்.

சுவர் பக்கம்

80 பிளஸ் கோல்டு என்ற திறன் தரச்சான்று பெற்ற பெட்டி 230 வோல்ட்டில் பாதிச் சுமையில் 92 சதவீதத் திறனோடு ஓடும். முக்கால் சுமையில் சற்றுக் குறைவு. 750 வாட் வெளியே தர, சுவரிலிருந்து 820 வாட் எடுக்கும் என்று கொள்ளலாம். 230 வோல்ட்டில் அது 3.6 ஆம்பியர். அதே சக்தி 12 வோல்ட் பக்கம் 62 ஆம்பியர். அபாயம் பெட்டிக்குள்ளேயே அதிகம் என்பதற்கு இதுவே காரணம்.

அதற்காகச் சுவரை மறந்துவிட முடியாது. நம் வீடுகளில் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று இரண்டு வகை சாக்கெட். ஒரு ரிக் 6 ஆம்பியரில் ஓடும். இரண்டை ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் 7.2 ஆம்பியர், அந்தப் பாக்ஸின் பித்தளை இதழ்களில் மேலே சொன்ன அதே சுழல் தொடங்கும். ரிக்குக்கு 16 ஆம்பியர் பாயிண்ட், எக்ஸ்டென்ஷன் இல்லாமல் நேராக. எம்.சி.பி. இருக்கிறதே என்றால், அது காப்பது சுவருக்குள் போகும் ஒயரை. தளர்ந்த சாக்கெட் கருகுவதை அது பார்ப்பதில்லை. 120 வோல்ட் நாடுகளில் நிலைமை இன்னும் இறுக்கம்: அமெரிக்க விதிப்படி 15 ஆம்பியர் இணைப்பில் தொடர்ந்து ஓடும் சுமை 80 சதவீதத்துக்குள், அதாவது 1440 வாட்டுக்குள் இருக்க வேண்டும்.

எர்த் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே வரும் வழியில் லைனுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிய உலோகச் சட்டம் பாதி மின்னழுத்தத்தில், 115 வோல்ட் அளவில், மிதக்கும். திறந்த அலுமினிய ஃபிரேமைத் தொட்டால் விரலில் சுரீரென்று வருவது அதுதான்.

அளந்து பார்ப்பது

முழுச் சுமையில் ஒரு மணி நேரமாவது ஓடிய பிறகுதான் பார்க்க வேண்டும். கிளாம்ப் மீட்டரில் டி.சி. அளக்கும் வகை வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் பல மீட்டர்கள் ஏ.சி. மட்டும்தான் காட்டும், அதை மஞ்சள் ஒயரில் மாட்டினால் சுழி என்று பொய் சொல்லும். ஒவ்வொரு ரைசரின் மஞ்சள் ஒயரையும் தனித்தனியாகக் கவ்வ வேண்டும். ஒரே கேபிளின் மூன்று ஒயரில் ஒன்று 1 ஆம்பியர், இன்னொன்று 5 என்று காட்டினால் எங்கோ ஒரு பின் பிடிக்கவில்லை என்று பொருள். 12 வோல்ட்டுக்கு அனுமதி 11.4 முதல் 12.6 வரை. எஸ்.எம்.பி.எஸ். முனையில் 12.1, ரைசர் முனையில் 11.5 என்றால், எண் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் தொலைந்த 0.6 வோல்ட் எங்கோ சூடாகிக்கொண்டிருக்கிறது. 6 ஆம்பியரில் அது 3.6 வாட்.

ரிக் அடிக்கடி ஒரே கார்டில் தொங்கினால் உடனே சாஃப்ட்வேரைக் குறை சொல்லாமல், அந்தக் கார்டின் ரைசரை நிறுத்திக் கழற்றி, கனெக்டருக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளை பிளாஸ்டிக்கில் மஞ்சள் படிந்திருக்கிறதா, பின் மங்கியிருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங்கையே கைவிட்டது. அந்தக் கார்டுகளும் ரைசர்களும் கைமாறி, இன்று ரெண்டரிங்குக்கும் வீட்டிலேயே ஏ.ஐ. மாடல் ஓட்டுவதற்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதே சாட்டா அடாப்டரோடு. புதிய கார்டுகளில் சிக்கல் இடம் மாறியிருக்கிறது. 2022 அக்டோபரில் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-இன் 12+4 பின் கனெக்டர் 600 வாட் வரை, ஆறு 12 வோல்ட் பின்னில். பின்னுக்கு 8.3 ஆம்பியர், தாங்குவது 9.5. பழைய 8-பின்னில் பின்னுக்கு 4.2 ஆம்பியர்தான் அனுமதித்தார்கள். முழுவதும் உள்ளே போகாத கனெக்டர்கள் உருகியபோது, கனெக்டர் மாட்டியிருக்கிறதா என்று கார்டுக்குச் சொல்லும் உணர்முனைகளைக் குட்டையாக்கி, மின்முனைகளை நீளமாக்கி வடிவத்தைத் திருத்தினார்கள். 2025 தொடக்கத்தில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு ஒன்றில், ஆறில் ஓர் ஒயரில் மட்டும் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியதை டெர்8அவர் என்ற ஹார்டுவேர் யூடியூபர் அளந்து காட்டினார். கார்டு 575 வாட் வகை. சமமாகப் பிரிந்திருந்தால் ஒயருக்கு 8 ஆம்பியர்தான். இதுபோன்ற கார்டு இரண்டு மூன்றை ஒரே பெட்டியில் வைக்க நினைப்பவர் எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு டி.சி. கிளாம்ப் மீட்டர் வாங்கட்டும்.